கோர்வை வார்த்தை

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் தெருவில் பேர். அதில் பொய் ஒன்றும் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அடக்கி உட்கார வைக்கிறவளுக்கு வாய் குட்டையாக இருந்தால் பிழைப்பு நடக்காது. அந்த நீள வாயால் நான் ஒருவரைப் பாராட்டிப் பேசுவது அபூர்வம். சக்ரேஸ்வரி டீச்சரைப் பற்றி மட்டும் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், சொல்லிவிடுவேன்.

ஆரணியில் பட்டு நெசவாளர் தெரு ஒன்றின் நடுவில் எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது. நானும் அதே தெருவில் பிறந்தவள்தான், தறிக்காரர் மகள். பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் உண்டு. ஐந்து முடித்த பையன்களில் சிலர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். பெண் பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டார்கள். அவர்களுக்கு ஐந்தாம் வகுப்போடு சிலேட்டு முடிந்தது, தறி ஆரம்பித்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் ஜூனில் எங்களுக்கு ஆறாம் வகுப்பு ஒன்று கொடுத்தார்கள், சோதனைக்காக. வருஷம் முடிவதற்குள் கல்வி அதிகாரி வந்து பார்ப்பார். பிள்ளைகள் விடாமல் படிக்கிறார்கள், இங்கிலீஷ் ஒழுங்காக வருகிறது என்று அவர் எழுதினால் வகுப்பு நீடிக்கும். இல்லையென்றால் மூடிவிடுவார்கள், அந்தப் பெண் பிள்ளைகள் எல்லாம் நிரந்தரமாகத் தறியோரம் போய் உட்கார வேண்டியதுதான். அந்த வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கத்தான் சக்ரேஸ்வரி வந்தாள்.

சந்தவாசல் பக்கத்தில் ஒரு கிராமம், சமணக் குடும்பம், அப்பாவுக்கு நிலம் நீர் உண்டு. தினமும் பஸ்ஸில் வருவாள். நூல் சேலை, ஒற்றைச் சடை, கையில் ஒரு துணிப்பை. சாயங்காலம் மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடுவாள், பொழுது சாய்ந்தால் அவர்கள் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். பார்த்த முதல் நாளே நான் முடிவு கட்டிவிட்டேன், இது தீபாவளி வரைக்கும் தாங்காது என்று. எங்கள் ஹெட்மாஸ்டர் வீரபாகுவிடம் சொல்லவும் சொன்னேன். அவர் பாவம், யார் எது சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர். அதற்கும் தலையாட்டினார்.

என் வகுப்புக்கும் அவள் வகுப்புக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். அங்கே தும்மினால் இங்கே நூறாயுசு சொல்லலாம். அதனால் அவள் நடத்திய பாடம் ஒவ்வொன்றும் நானும் கேட்ட பாடம்தான்.

பிள்ளைகளின் இங்கிலீஷ் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். ‘மை ஃபாதர் வீவர்’ என்பார்கள். ‘திஸ் புக்’ என்பார்கள். ‘ஐ பாய்’ என்பான் சுப்பன். சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த நிம்மதியோடு உட்கார்ந்து கொள்வான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழில் ‘எங்கப்பா நெசவாளி’ என்று இரண்டு வார்த்தையில் விஷயம் முடிந்தது. நடுவில் எதுவும் தேவையில்லை. அந்தச் சிக்கனம் இங்கிலீஷ்காரனுக்குத் தெரியாது, நடுவில் ஒரு ‘இஸ்’ போட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

முதல் மாதம் அவள் எல்லோரையும் போலத்தான் நடத்தினாள். ‘வினைச்சொல் இல்லாமல் வாக்கியம் இல்லை, இஸ் என்பது வினைச்சொல்’ என்றாள். தெய்வநாயகி என்று ஒரு பெண், எங்கள் தெருத் தறிக்காரர் சடையப்பன் மகள், எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். வினைச்சொல் என்றால் வேலையைக் காட்டும் சொல் என்று தமிழில் படித்தோமே, ஓடு, நட, தின்னு மாதிரி. இந்த ‘இஸ்’ என்ன வேலை செய்கிறது என்று கேட்டாள். தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கே பதில் தெரியவில்லை. நானாக இருந்தால் ‘உக்காருடி வாயாடி’ என்று முடித்திருப்பேன். சக்ரேஸ்வரி, நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். அது எனக்குப் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சமாளிக்கிற வாத்தியார்களைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன்.

அன்று சாப்பாட்டு வேளையில் என்னிடம் வந்து, “அக்கா, தறி எப்படி ஓடுதுன்னு ஒரு தபா காட்றீங்களா? பசங்க பேசறது பாதி எனக்குப் புரியல” என்றாள். எங்கள் வீட்டுக்கே அழைத்துப் போனேன். என் தம்பி கோர்வைப் புடவை நெய்துகொண்டிருந்தான். உடல் அரக்கு, கரை பச்சை. உடலுக்கான நாடாவை, குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற கட்டையை, அவன் ஓட்ட, வலப்பக்கம் குந்தியிருந்த அவன் மகள் கரைக்கான நாடாவைத் தள்ளினாள். இரண்டு நூலும் சந்திக்கிற இடத்தில் ஒன்றை ஒன்று கோத்துக்கொண்டு திரும்பும். அதுதான் கோர்வை. அது சரியாக விழுந்தால் துணி கிழிந்தாலும் கிழியும், கரை பிரியாது. பக்கத்தில் குந்துகிற ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். விரல் சின்னது, கூலியும் கேட்காது.

சக்ரேஸ்வரி குனிந்து நின்று பார்த்தாள். சாப்பாட்டு மணி முடிந்து நான் இழுக்கிற வரைக்கும் பார்த்தாள்.

மறுநாள் தட்டியின் ஓட்டை வழியாக நான் பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான், ஆனால் பார்த்தேன். கரும்பலகையில் இடது பக்கம் சிவப்புச் சாக்பீஸில் ‘மை ஃபாதர்’. வலது பக்கம் பச்சையில் ‘எ வீவர்’. நடுவில் வெறும் இடம். இது ஒரு புடவை, கட்டினால் என்ன ஆகும் என்று கேட்டாள். பிள்ளைகள் விழித்தார்கள். தெய்வநாயகிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

“ஒடம்பு தனியா கரை தனியா பூடும் டீச்சர். நடுவுல கோர்வையே போடல.”

சக்ரேஸ்வரி சிவப்பும் பச்சையுமாக இரண்டு சாக்பீஸையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து நடுவில் ‘இஸ்’ என்று எழுதினாள். “நேத்து நீ கேட்டியே, இது இன்னா வேலை செய்யுதுன்னு. இது ஓடாது, நடக்காது, தின்னாது. இந்தப் பக்கம் கீறவர் யாருன்னு அந்தப் பக்கத்தோட கோத்துக் குடுக்கும். அவ்ளோதான் இதோட வேலை. நீங்க தறியில தினம் செய்ற வேலை.”

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அதுவரை தறியோரம் குந்துவது என்றால் பள்ளிக்கூடத்துக்கு வராமல் போனதற்குச் சொல்கிற சாக்கு. முதல் தடவையாக அது அவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயமாக ஆனது.  என்னிடம் நாற்பது நாள் கேட்டிருந்தாலும் அது தோன்றியிருக்காது, இத்தனைக்கும் நான் தறிக்கு நடுவிலேயே பிறந்தவள்.

அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் அதற்குப் பெயர் கோர்வை வார்த்தை. இஸ், ஆம், ஆர், வாஸ், வேர் எல்லாமே கோர்வை வார்த்தைதான். யார் கேட்டாலும் பிள்ளைகள் அப்படித்தான் சொன்னார்கள்.

பிறகு வந்தது வினை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. தெரு முழுக்க ‘இஸ்’ பரவிவிட்டது. தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த என் மூன்றாம் வகுப்புக் குட்டிகளுக்கும் பிடித்துக்கொண்டது. ‘டீச்சர், இவன் இஸ் கிள்றான்’ என்று முறையிட்டார்கள். வீட்டில் ‘சாம்பார் இஸ் உப்பு’. சடையப்பன் வீட்டு வாசலில் ஒரு பொடிசு, ‘முனியம்மா அக்கா இஸ் தண்ணிக்குப் பூட்டாங்க’ என்று, சடையப்பன் மனைவியைத் தேடி வந்த தபால்காரரிடம் சொன்னது. ஆறாம் வகுப்பில் ‘மை ஃபாதர் இஸ் வீவ்ஸ்’ என்று எல்லோரும் ஒரே குரலில் படித்தார்கள். நான் தட்டிக்குப் பின்னால் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் கோபப்படவே இல்லை. ‘வீவ்ஸ்’ என்றாலே நெய்கிறார் என்று ஆகிவிட்டது, அதிலேயே வேலை இருக்கிறது, ஒரே நிறத் துணிக்கு நடுவில் எதற்கு அப்பா கோர்வை என்று கேட்டாள். பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஒற்றை நிறப் புடவைக்குக் கோர்வை போடுகிற கூமுட்டை எங்கள் தெருவில் கிடையாது.

இன்னொரு நாள் ‘ஸ்மெல்ஸ்’ என்ற சொல்லைக் கொண்டு வந்தாள். ‘தி டை ஸ்மெல்ஸ் பேட்’, சாயம் நாறுகிறது. ‘சுப்பன் ஸ்மெல்ஸ் தி சோப்’, சுப்பன் சோப்பை முகர்ந்து பார்க்கிறான். ஒரே சொல்தான், ஒரு இடத்தில் கோர்வை, இன்னொரு இடத்தில் வேலை. எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘இஸ்’ வைத்துப் பாருங்கள் என்றாள். ‘தி டை இஸ் பேட்’ நிற்கிறது. ‘சுப்பன் இஸ் தி சோப்’ என்று வைத்ததும் வகுப்பு புரண்டு புரண்டு சிரித்தது. சுப்பன் அந்த வருஷம் முழுவதும் சோப்பாகவே இருந்தான். ஆனால் லுக்ஸ், சீம்ஸ், பிகம்ஸ் என்று எது வந்தாலும் அந்தப் பிள்ளைகள் ‘இஸ்’ வைத்துத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் டிரெயினிங் ஸ்கூலில் படித்த இங்கிலீஷ் முழுவதையும் அந்தத் தட்டிக்குப் பின்னால்தான் புரிந்துகொண்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஆயுத பூஜை வந்தது. தறிக்குப் பொட்டு வைத்து, பொங்கல் வைத்து, மறுநாள் வாத்தியார்களுக்குத் தாம்பூலம் கொடுப்பது எங்கள் தெரு வழக்கம். சடையப்பன்தான் தெருவில் பெரிய கை. அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். அவர் மனைவி முனியம்மாள் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ, அதன்மேல் ஒரு பட்டு ரவிக்கைத் துணி வைத்து நீட்டினாள். அவர்கள் தறியில் நெய்தது. சக்ரேஸ்வரி மஞ்சளையும் பூவையும் எடுத்துக்கொண்டாள். ரவிக்கைத் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தட்டிலேயே வைத்துவிட்டாள். பட்டு உடுத்துவதில்லை என்று மெதுவாகச் சொன்னாள்.

 தாம்பூலத்தில் வைத்ததைத் திருப்பி வைப்பது எங்கள் தெருவில் கேள்விப்படாத விஷயம். சடையப்பன் முகம் கறுத்துப் போனது. அன்று சாயங்காலமே, நம் பட்டைத் தொடாதவளிடம் நம் பெண்ணுக்கு என்ன படிப்பு என்று அவர் கேட்டதாகத் தெரு முழுக்கப் பேச்சு.

கார்த்திகை வரை எப்படியோ ஓடியது. தை முகூர்த்தத்துக்கான ஆர்டர்கள் வந்து குவிந்ததும், சடையப்பன் தெய்வநாயகியைத் தறியில் உட்கார வைத்துவிட்டார். அவர் வைத்ததும் மற்ற வீட்டுக்காரர்களும் வைத்தார்கள். ஆறாம் வகுப்பில் சுப்பனையும் இன்னும் இரண்டு மூன்று பேரையும் தவிர யாரும் இல்லை. அமாவாசை அன்று மட்டும் வகுப்பு நிறையும். எங்கள் தெருவில் அமாவாசைக்குத் தறி ஓடாது. வீட்டில் சாவு விழுந்தால்கூட மறுநாள் தறிக்குழியில் கால் வைத்துவிடுகிறவர்கள், அமாவாசை அன்று நாடாவைத் தொட மாட்டார்கள். மற்ற நாளில் தறி நிற்காது.

வீரபாகு ஹெட்மாஸ்டர் கையைப் பிசைந்தார். நான் திட்டினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சண்டை போடலாம் என்று சக்ரேஸ்வரியிடம் சொன்னேன். அவள் வேண்டாம் என்றாள். பொங்கல் செலவு அவர்களுக்குத்தானே, நமக்கா என்று கேட்டாள். மறுநாளிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்க ஆரம்பித்தாள்.

பள்ளி மணி அடிப்பதற்கு முன்னால் அவள் தெருவில் ஒரு நடை போவாள். வீட்டுக்கு வீடு வாசல்படியில் நிற்பாள். தறியை நிறுத்தச் சொல்ல மாட்டாள், உள்ளே வா என்றால்தான் போவாள். நின்ற இடத்திலிருந்தே ஒரு கேள்வி கேட்பாள். பிள்ளை கரை நாடாவைத் தள்ளிக்கொண்டே பதில் சொல்லும். தறிப் பலகை அடிக்கிற சத்தத்துக்கு நடுவில் இரண்டு வாக்கியம், மூன்று வாக்கியம். அவள் நகராமல் நின்றால் பதில் தவறு, நகர்ந்து போனால் சரி. பிறகு அடுத்த வீடு. போகிற வழியில் நான் வாசல் தெளித்துக்கொண்டு இருப்பேன், எனக்கும் ஒரு கேள்வி விழும். பல் துலக்காத வாயோடு இங்கிலீஷ் பேசியவள் ஆரணியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சடையப்பன் வீட்டில் மட்டும் அவளை யாரும் வா என்று சொல்லவில்லை. அவள் அங்கேயும் நின்றாள். மார்கழிப் பனியில் முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு நின்றாள். தெய்வநாயகி அப்பா முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்லும். ஒரு நாள் நானும் கூட நின்றேன். சடையப்பன் தறியை விட்டுத் தலை தூக்காமல் கேட்டார்.

“எங்க பட்டு இன்னா பாவம் பண்ணிச்சுங்க டீச்சர்?”

“பட்டு ஒண்ணும் பண்ணலைங்க” என்றாள் சக்ரேஸ்வரி. “புழுவ உசுரோட வெந்நீர்ல போடறாங்களே, அத்த நெனச்சி எங்க வீட்ல கட்றதில்ல. நான் பொறந்ததுலேர்ந்து அப்படித்தான். உங்க வேலைய நான் ஒரு நாளும் கொறச்சலா நெனச்சதில்லீங்க. நெனச்சிருந்தா தினம் வந்து நின்னு பார்த்துகினு இருப்பேனா?”

 நாடா ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் அவர் வீட்டு வாசல்படியோரம் ஒரு மணை போட்டிருந்தது. யார் போட்டது என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. உட்கார்ந்து பாடத்தைத் தொடர்ந்தாள்.

தை மாதம் அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. வீரபாகு வாழ்க்கையில் செய்த ஒரே புத்திசாலித்தனம், அவரிடம் அமாவாசைத் தேதியைக் கேட்டு வாங்கியதுதான். தறி நிற்கும், பிள்ளைகள் வருவார்கள். அன்று பிள்ளைகள் எண்ணெய் வைத்து வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். பொழுது சாயும்வரை காத்திருந்தோம். அதிகாரி வரவில்லை. சேத்துப்பட்டில் ஏதோ அவசர வேலை என்று ஆள் வந்து சொன்னான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

அவர் வேறொரு நாள், சொல்லாமல் கொள்ளாமல், காலையில் ஜீப்பில் வந்து இறங்கினார். ஆறாம் வகுப்பில் சுப்பனும் இரண்டு பையன்களும்தான் இருந்தார்கள். வீரபாகு என் வகுப்புக்கு ஓடி வந்து, உயரமாக இருக்கிற பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பு, அவர் கேட்டால் ஆறாம் வகுப்பு என்று சொல்லிவிடலாம் என்று காதில் சொன்னார். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சக்ரேஸ்வரி, வேண்டாம் சார், நாமே அவர்களுக்குப் பொய் சொல்லிக் கொடுத்ததாக ஆகிவிடும் என்றாள். தட்டியின் மகிமை அது, எங்களுக்குள் ரகசியம் என்பதே கிடையாது.

அதிகாரி நல்ல மனிதர்தான். தூசியில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. காலி பெஞ்சுகளைப் பார்த்தார், பேனா மூடியைக் கழற்றினார். வகுப்பு இவ்வளவுதானா என்று கேட்டார். அந்தப் பேனா காகிதத்தைத் தொட்டால் ஆறாம் வகுப்பு அவ்வளவுதான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். 

சக்ரேஸ்வரி சொன்னாள்: “வகுப்பு நடந்துகினுதான் கீதுங்க சார். இந்த ரூம்ல இல்ல. கொஞ்சம் நடந்து வந்தீங்கன்னா காட்றேன்.”

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பேனாவை மூடாமலே எழுந்தார். வீரபாகு பின்னால் ஓடினார். என்னால் வகுப்பில் இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாம் வகுப்பையும் கிளப்பிக்கொண்டு நானும் கிளம்பினேன். அவிழ்த்துவிட்ட ஆட்டு மந்தை மாதிரி நாங்கள் தெருவில் போனோம்.

முதல் வீட்டு வாசலில் நின்று சக்ரேஸ்வரி வழக்கமாகக் கேட்பது போலக் கேட்டாள். உள்ளிருந்து பலகை அடிக்கிற சத்தத்தோடு பதில் வந்தது: ‘திஸ் இஸ் எ சாரி. தி பார்டர் இஸ் ப்ளூ.’ அடுத்த வீட்டில், ‘மை மதர் இஸ் இன் தி கிச்சன். ஷி லுக்ஸ் டயர்ட்.’ அதற்கு அடுத்த வீட்டில் ஒரு பெண், கேட்காமலே, ‘தி சில்க் ஃபீல்ஸ் சாஃப்ட்’ என்றது. தெருவில் யாரும் தறியை நிறுத்தவில்லை. அதிகாரி ஒவ்வொரு வாசலிலும் நின்றார். அவர் நடை மெதுவாகிக்கொண்டே வந்தது. எதிர்வீட்டிலிருந்து ஒரு பிள்ளை, தன் முறை தப்பிப் போய்விடுமோ என்ற பயத்தில், ஜன்னல் வழியாக ‘ஐ ஆம் ஹியர், டீச்சர்’ என்று கூப்பிட்டுச் சொன்னது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பிள்ளைகள் எல்லாம் மூன்றாம் வகுப்பில் என்னிடம் அடி வாங்கியவர்கள்.

சடையப்பன் வீட்டுக்கு வந்தோம். மணை கிடந்தது. அதிகாரி அதில் உட்கார்ந்தார். தறியில் பாதிப் புடவை ஏறியிருந்தது, சிவப்பு உடல், பச்சைக் கரை. சடையப்பன் தலையசைத்துக் கும்பிட்டார், கை நிற்கவில்லை. தெய்வநாயகியும் நிறுத்தவில்லை. அதிகாரி தானே கேட்க ஆரம்பித்தார், இங்கிலீஷிலேயே. இது என்ன நிறம், அது என்ன நிறம், உன் அப்பா யார் என்று. அது நாடாவைத் தள்ளித் தள்ளிப் பதில் சொன்னது. ‘தி பாடி இஸ் ரெட். தி பார்டர் இஸ் க்ரீன். மை ஃபாதர் இஸ் எ வீவர்.’

அவர் கடைசியாக, “அண்ட் வாட் ஆர் யூ?” என்று கேட்டார். நீ யார் என்று.

“ஐ ஆம்” என்றது தெய்வநாயகி. அதற்கு மேல் வரவில்லை.

வகுப்பில் ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம். என் மூன்றாம் வகுப்புக்கே தெரியும். ஆனால் அது பொய் சொல்லத் தெரியாத பெண். கையில் கரை நாடா இருக்கிறது, பக்கத்தில் அப்பா இருக்கிறார், காலடியில் தறிக்குழி. அதில் குந்திக்கொண்டு தன்னை என்னவென்று சொல்வது என்று அதற்குத் தெரியவில்லை. எனக்கு எடுத்துக் கொடுக்க வாய் துறுதுறுத்தது. சக்ரேஸ்வரி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் தெரிந்தது, அவளும் பயந்துகொண்டுதான் இருந்தாள். பயந்தும் எடுத்துக் கொடுக்கவில்லை.

கரை நாடா வராததால் சடையப்பனின் கையும் நின்றது. தெய்வநாயகி நாடாவை மடியில் வைத்தது. டீச்சரைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துச் சொன்னது.

“ஐ ஆம் எ ஸ்டூடன்ட்.”

சடையப்பன் அதிகாரி பக்கம் திரும்பினார். “இன்னா சொல்லுதுங்க?”

“நான் ஒரு மாணவின்னு சொல்றாங்க” என்றார் அதிகாரி.

சடையப்பன் தறியைப் பார்த்தார். ஏறிய பாதிப் புடவை, தையிலேயே அதைக் கட்டப் போகிற மணப்பெண், வாங்குகிற பார்ட்டிக்குச் சொன்ன தேதி, எல்லாம் அவர் கண்ணில் ஓடியிருக்கும். அவருக்குக் கோபம் வருகிறது என்றுதான் நினைத்தேன். வந்ததும் கோபக் குரல்தான்.

“அப்போ இங்க இன்னாத்துக்குக் குந்திகினு கீற? ஏந்திரு. ஜல்தியா போ.”

தெய்வநாயகி நாடாவை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்தது. முனியம்மாள் உள்ளிருந்து பாவாடை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கூப்பிட்டாள், அது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. என் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளிக்க அங்கே அடுப்புகூட எரியவில்லை.

அதிகாரி மணையிலிருந்து எழுந்தார். சடையப்பனுக்கு ஒரு கும்பிடு போட்டார். பள்ளிக்குத் திரும்புகிற வழியில் வீரபாகுவிடம், முகூர்த்த மாதங்களில் பள்ளி நேரத்தை மாற்றி வைத்துக்கொள்ள எழுதிக் கேளுங்கள், நானும் எழுதுகிறேன் என்றார். ஆறாம் வகுப்பு நீடித்தது, மறுவருஷம் ஏழாம் வகுப்பும் வந்தது. சக்ரேஸ்வரி எங்கள் பள்ளியில் பல வருஷம் இருந்தாள், கடைசி நாள் வரைக்கும் பட்டு உடுத்தவில்லை, அதை யாரும் ஒரு குறையாகச் சொல்லவும் இல்லை. அவளைப் போல ஒருத்தியை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. எனக்கு இத்தனை நீள வாய் இருந்தும் அன்று அவளிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பிடித்த கையை விடாமல் நடந்தேன்.

தெய்வநாயகி என் பிள்ளைகளுக்கு நடுவில் முன்னால் போய்க்கொண்டிருந்தது. தெருமுனையில் நான் ஒரு தடவை திரும்பி நின்றேன். மற்ற எல்லா வீட்டிலிருந்தும் பலகைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கரைக்கு ஆள் இல்லாமல் சடையப்பன் வீட்டுத் தறி மட்டும் நின்றிருந்தது.

அன்று அமாவாசை இல்லை.